ஃபர்னிச்சருக்கு எஸ் கிடையாது

மக்களே, இது இலக்கணப் பதிவு மாதிரி ஆரம்பிச்சு வேற எங்கேயோ போய் முடியும். "ஐயோ இலக்கணமா"ன்னு ஓடிடாதீங்க. நடுவுல கொஞ்சம் கொசுவர்த்திச் சுருளும் சுத்துவேன். இப்பவே சொல்லிட்டேன் :-)

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மறுநாள் என் பொண்ணுக்கு இங்கிலீஷ் டெஸ்ட். ஆறாங்கிளாஸ் படிக்கிறா. பாடம்: நவுன், அதன் வகைகள். தங்கமணி கையில கரண்டியோட வந்து, "ஏங்க, சும்மா போனை நோண்டிட்டு இருக்கீங்கள்ல, அவளுக்கு இதைச் சொல்லிக் குடுங்க"ன்னு உத்தரவு போட்டுட்டு உள்ள போயிட்டாங்க. நமக்குத்தான் இங்கிலீஷ்னா தண்ணி பட்ட பாடாச்சே (எவன்டா அங்க சிரிக்கிறது?), சட்டையை மடிச்சு விட்டுட்டு உக்காந்தேன்.

நம்ம ஊரு பள்ளிக்கூடங்கள்ல நவுன்னா அஞ்சு வகை. ரென் அண்ட் மார்ட்டின் காலத்துல இருந்து கிட்டத்தட்ட இதே கதைதான். ப்ராப்பர் நவுன், காமன் நவுன், கலெக்டிவ் நவுன், மெட்டீரியல் நவுன், அப்ஸ்ட்ராக்ட் நவுன். கோவில்பட்டின்னா ப்ராப்பர். ஊருன்னா காமன். டீம், ஆர்மி எல்லாம் கலெக்டிவ். தங்கம், அரிசி, பால் மெட்டீரியல். நேர்மை, பாசம், கோபம் அப்ஸ்ட்ராக்ட்.

ஆரம்பத்துலயே ஒரு பவுன்சர் போட்டா. "அப்பா, அத்தை ப்ராப்பரா காமனா? எனக்கு ஒரே ஒரு அத்தைதானே. அப்போ ப்ராப்பர் நவுன்தானே?"

நல்ல கேள்வி. தமிழ்ல கேப்பிடல் லெட்டர்னு ஒண்ணு இல்லாததால இந்தத் தலைவலி நமக்குக் கிடையாது. இங்கிலீஷ்ல "என் அத்தை வந்தாங்க"ன்னு எழுதினா அத்தைக்குச் சின்ன எழுத்து, அது காமன். "என்"ங்கிறது போய், அத்தைங்கிற சொல்லையே பேரு மாதிரி வச்சுக் கூப்பிட்டா பெரிய எழுத்து, அங்க அது ப்ராப்பர் நவுன் வேலையைச் செய்யுது. அதாவது ஒரு சொல் எந்த வகைங்கிறது பாதி நேரம் அந்த வாக்கியத்துலதான் முடிவாகும். இதைச் சொன்னதும் பொண்ணு தலையாட்டினா. எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

அது அஞ்சு நிமிஷம்தான் நிலைச்சுது.

வீட்டுப்பாடத்துல அடுத்த சொல் "ஃபர்னிச்சர்". கடையில வாங்கின கைடுல அதுக்குக் கலெக்டிவ் நவுன்னு விடை போட்டிருந்தான். பொண்ணு கேட்டா: "டீம் கலெக்டிவ். நிறைய டீம் இருந்தா டீம்ஸ். ஆர்மி கலெக்டிவ், நிறைய இருந்தா ஆர்மீஸ். ஃபர்னிச்சரும் கலெக்டிவ்தான். அப்போ நிறைய ஃபர்னிச்சர் இருந்தா ஃபர்னிச்சர்ஸ்தானே? எங்க மிஸ் ஏன் அதைத் தப்புன்னு அடிச்சாங்க?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. பதில் தெரியாம இல்ல. இந்தக் கேள்வியை வேற ஒருத்தர் என்கிட்ட கேட்டிருக்கணும், கேக்க விடாம நான்தான் தடுத்தேங்கிறது அந்த நிமிஷம்தான் மண்டையில உறைச்சுது.

இப்போ கொசுவர்த்தி.

1986. கோவில்பட்டி பக்கம் எங்க ஊரு. நான் அஞ்சாவது, அக்கா ஒன்பதாவது. ரெண்டு பேரும் தமிழ் மீடியம். எங்க அக்கா படிப்புல கெட்டி. அந்த வருஷம்தான் அவ பள்ளிக்கூடத்துக்கு ஒரு இங்கிலீஷ் சார் புதுசா வந்து, "உங்களுக்கு அடிப்படையே சரியில்ல"ன்னு சொல்லி இலக்கணத்தை முதல்ல இருந்து ஆரம்பிச்சார். அக்கா அதுக்குன்னு தனியா ஒரு நோட்டு போட்டு, பிரவுன் அட்டை போட்டு, சிவப்பு மையில கோடு கிழிச்சு அழகா எழுதுவா.

அரையாண்டுக்கு முன்னாடி அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு. அம்மா ஒருத்தி சம்பாத்தியம் பத்தலை. எங்க ஊர்ப்பக்கம் அப்போ இந்த மாதிரி நிலைமைன்னா அடுத்து என்னங்கிறது எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ். ஃபேக்டரின்னு எவனும் சொல்ல மாட்டான், ஆபீஸ்தான். வீட்டுல மூத்த பொண்ணு இருந்தா அது பள்ளிக்கூடத்துல இருந்து நின்னு கட்டை அடுக்கப் போகும். பையன் படிப்பான். யாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணின மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு திங்கக்கிழமை அக்கா பள்ளிக்கூடப் பையை எடுக்காம தூக்குச்சட்டியை எடுத்துட்டுப் போனா. அவ்வளவுதான்.

ஆபீஸ் முடிஞ்சு வந்தும் வீட்டுல வேலை இருக்கும். திண்ணையில உக்காந்து தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டுவா. குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ்னா 144. கை பாட்டுக்கு ஒட்டிக்கிட்டே இருக்கும், வாய் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கும். எதிர்ல அந்த பிரவுன் அட்டை நோட்டு. பசை ஒட்டிடும்னு அவ தொட மாட்டா. நான்தான் பக்கத்தைத் திருப்பணும்.

"லே, இது என்ன?"

"தீப்பெட்டி."

"அது காமன் நவுன். இந்தப் பசை?"

"மெட்டீரியல்."

"அப்போ ஒரு குரோஸ்?"

"..."

"மொத்தமாச் சொன்னா கலெக்டிவ்டா மண்டு."

அஞ்சு வகை நவுனும் எனக்கு இப்படித்தான் ஏறுச்சு. அப்ஸ்ட்ராக்ட் நவுன் மட்டும் ரொம்ப நாள் புரியலை. "கண்ணால பாக்க முடியாது, கையால தொட முடியாது, ஆனா இருக்கும்"னா. "பேயா?"ன்னு கேட்டேன். பசைக் கையோட ஒண்ணு வச்சா. "பசிடா, பசி. அதைத் தொட முடியுமா?" அதுக்கப்புறம் எனக்குச் சந்தேகமே வரலை.

அந்த நோட்டு பாதியில நின்னு போயிருக்கும். நவுன் வகைகள் முடிஞ்சு, ஆண்பால் பெண்பால். பீகாக்னா ஆண், பீஹென்னா பெண். அதோட சரி. அதுக்கு அடுத்த பாடம் ஒருமை பன்மை. எந்தச் சொல்லுக்கு எஸ் போடலாம், எதுக்குப் போடக்கூடாதுங்கிறதெல்லாம் அதுலதான் வரும். அந்தப் பாடத்தை சார் நடத்தினப்போ அக்கா கட்டை அடுக்கிக்கிட்டு இருந்தா.

நான் படிச்சேன். டிகிரி முடிச்சேன். 1998-ல மெட்ராஸ்ல ஒரு இண்டர்வியூ. "ஐ வில் கலெக்ட் ஆல் த இன்ஃபர்மேஷன்ஸ் சார்"னு நான் சொன்னதும் எதிர்ல இருந்த மூணு பேருல ஒருத்தர் பக்கத்துல இருந்தவரைப் பாத்துச் சிரிச்சார். "இன்ஃபர்மேஷன். நோ எஸ். தமிழ் மீடியமா?"ன்னார். வேலை கிடைக்கலை. வெளியில வந்து பஸ் ஸ்டாப்புல நின்னப்போ காது ரெண்டும் சுட்டுது. அன்னிக்கு ராத்திரியே எஸ் போடக்கூடாத சொல்லெல்லாம் ஒரு லிஸ்ட் எழுதி உருப்போட்டேன். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், எக்விப்மெண்ட், ஃபர்னிச்சர். ஏன் போடக்கூடாதுன்னு கேக்கலை. சிரிப்புக்குப் பயந்து மனப்பாடம் பண்ணினேன், அவ்வளவுதான்.

2009-ல வீடு வாங்கினேன். கிரகப்பிரவேசத்துக்கு ஆபீஸ்ல இருந்து எல்லாரும் வந்திருந்தாங்க. மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. குடும்பத்தோட வந்து சோஃபாவுல உக்காந்திருந்தார். அவங்களுக்கு அக்காதான் காபி கொண்டு போனா. தம்பி வீடு, தம்பியோட பெரிய ஆபீசர், அவர்கிட்ட நாலு வார்த்தை பேசணும்னு அவளுக்கு ஆசை. எத்தனை வருஷம் கழிச்சு வாயைத் திறக்கிறாளோ, பாவம். முகமெல்லாம் சிரிப்பா, "ஆல் ஃபர்னிச்சர்ஸ் மை பிரதர் பாட், சார். வெரி குட் ஃபர்னிச்சர்ஸ்"னா.

மேனேஜர் மரியாதையா "யெஸ், யெஸ், வெரி நைஸ்"னார். அவர் ஒண்ணும் சிரிக்கலை.

நான்தான் சிரிச்சேன். "அக்கா, ஃபர்னிச்சர்ஸ்னு சொல்லக்கூடாது. ஃபர்னிச்சருக்கு எஸ் கிடையாது"ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னேன். நான் சிரிச்சதும் என் கூட வேலை பாக்கிற பசங்க ரெண்டு பேர் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சா. டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போனா. அப்புறம் சாப்பாட்டுப் பந்தி முடியுற வரைக்கும் ஹாலுக்கு வரவே இல்ல.

அதுக்கப்புறம் அவ என் முன்னாடி இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்ல. பேங்குக்குப் போனா "நீயே பேசுடா." ஆஸ்பத்திரின்னா "நீயே கேளுடா." என் பொண்ணு பொறந்து, பேச்சு வந்து, "அத்தை, வாட் இஸ் திஸ்?"னு கேட்டாக்கூட "எனக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு, உங்கப்பாகிட்ட கேளு"ன்னுடுவா. எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தவ, தெரியாதுன்னா. நானும் அதை அப்படியே விட்டுட்டேன். இண்டர்வியூல எனக்கு ஒருத்தன் பண்ணினதை பதினோரு வருஷம் பத்திரமா வச்சிருந்து என் அக்காவுக்குத் திருப்பிக் குடுத்திருக்கேன்னு அப்போ எனக்குத் தோணக்கூட இல்ல.

சரி, பொண்ணு கேள்விக்கு வருவோம்.

விஷயம் என்னன்னா, நாம படிக்கிற அஞ்சு வகைங்கிறது பெரும்பாலும் சொல்லோட அர்த்தத்தை வச்சுப் பிரிச்சது. இது பேரா, பொருளா, கூட்டமா, குணமாங்கிற மாதிரி. எஸ் போடலாமா கூடாதாங்கிறது வேற ஒரு பிரிவு: கவுண்டபிள், அன்கவுண்டபிள். அது அர்த்தத்தை மட்டும் பாக்காது, சொல் எப்படி நடந்துக்குதுன்னு பாக்கும். ரெண்டும் குறுக்கும் நெடுக்குமா வெட்டிக்கிற கோடு. டீமுக்கு முன்னாடி "எ" போடலாம், பின்னாடி எஸ் போடலாம். ஃபர்னிச்சருக்கு ரெண்டும் ஆகாது. அர்த்தத்துல நாலஞ்சு சாமான் சேர்ந்த கூட்டம், நடத்தையில சீனி, மாவு, மண்ணெண்ணெய் மாதிரி. அதனால இப்போ வர்ற நல்ல இலக்கணப் புத்தகங்கள் ப்ராப்பர், காமன்னு முதல்ல பிரிச்சுட்டு, காமனை கவுண்டபிள், அன்கவுண்டபிள்னு ரெண்டாப் பிரிக்கும். கைடுதான் ரெண்டு கணக்கையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பும்.

சரி, ஏன் ஃபர்னிச்சரை எண்ணக்கூடாது? நாற்காலி எண்ணுற பொருள்தானே? அதுக்கு உலகப் பொதுவான காரணம் எதுவும் இல்ல. ஃப்ரெஞ்சுக்காரன் தாராளமா எண்ணுவான், அவன் மொழியில ஒரு நாற்காலியைக் காட்டி ஒருமையில ஒரு சொல் சொல்லலாம், பன்மையும் உண்டு. இன்ஃபர்மேஷனுக்கும் அவன் எஸ் போடுவான். இங்கிலீஷ்காரன் பழக்கம் வேற, அவ்வளவுதான். அவனே மாத்தியும் இருக்கான். பட்டாணிக்கு அவங்க பழைய பேரு "பீஸ்". நம்ம அரிசி மாதிரி மொத்தமாச் சொல்ற பேரு. கடைசியில வர்ற சத்தத்தைக் கேட்டு ஜனங்க அதைப் பன்மைன்னு நினைச்சு, ஒரு பட்டாணிக்கு "பீ"ன்னு புதுசா ஒரு ஒருமையை உண்டாக்கிட்டாங்க. அந்தத் தப்பு இன்னிக்கு டிக்ஷனரியில உக்காந்திருக்கு. ஊரே சேர்ந்து பண்ணினா இலக்கணம், எங்க அக்கா தனியாப் பண்ணினா தப்பு.

முடியும் இப்படித்தான். தலையில மொத்தமா இருந்தா எண்ணக்கூடாது. சாம்பார்ல விழுந்தா எண்ணலாம், ஹேர்ஸ்னு எஸ்ஸும் போடலாம். (எனக்கு இப்போ தலையில இருக்கிறதையே எண்ணிடலாம்ங்கிறது வேற விஷயம்.)

நமக்கு ஏன் இது குழப்புதுன்னா, தமிழ்ல நாம இந்தக் கணக்கே போடறதில்ல. பவணந்தி முனிவர் நன்னூல்ல பெயர்ச்சொல்லை ஆறாப் பிரிக்கிறார்: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். எண்ணலாமா கூடாதாங்கிறது அதுல இல்ல. நாம முதல்ல கேக்கிறதே உயர்திணையா அஃறிணையாங்கிறதைத்தான். அஃறிணையில "கள்" கட்டாயமும் இல்ல. "பத்து மாடு" போதும். மாடு வந்தது, மாடு வந்தன, ரெண்டும் சரி. பால்பகா அஃறிணைப் பெயர்னு அதுக்குப் பேரே இருக்கு. "கள்" போட்டாலும் சரி, போடாட்டியும் சரின்னு வளந்த நாக்கை இங்க கட்டாயம் போடு, அங்க போட்டா சிரிப்போம்னு சொன்னா அது என்னதான் செய்யும்?

பொண்ணுக்கு ரேஷன் கடையை வச்சுச் சொன்னேன். அரிசியை எண்ண மாட்டோம், அளப்போம். படி, உழக்கு, கிலோன்னு முன்னாடி ஒரு அளவு வேணும். ஃபர்னிச்சருக்கும் அப்படி ஒரு அளவு வேணும், "எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்". அட்வைஸுக்கும் அதேதான். புரிஞ்சுடுச்சு. புரிஞ்சதும், "அப்போ நான் கேட்டது முட்டாள்தனமான கேள்வியாப்பா?"ன்னா.

"இல்லடா. நீ கேட்டதுல கணக்கு சரியா இருந்துச்சு. இதையே உன் அத்தையும் நினைச்சிருப்பாங்க."

"அத்தைக்கு இதெல்லாம் தெரியுமா?"

அதுக்கு மேல முடியலை. போனை எடுத்தேன்.

அக்கா எடுத்தா. குக்கர் சத்தம் கேட்டுச்சு. சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டு, "அக்கா, அன்னிக்கு கிரகப்பிரவேசத்துல ஃபர்னிச்சர்ஸ்னு சொன்னதுக்கு நான் சிரிச்சேன்ல. தப்புக்கா அது"ன்னேன். இத்தனை வருஷம் கழிச்சு இதை எப்படித் தொடங்குறதுன்னு யோசிச்சதுல இதுதான் வந்துச்சு.

"எப்போ? எனக்கு ஞாபகமே இல்லடா"ன்னா.

நான் பேசலை. அவளும் பேசலை. குக்கர் ஒரு விசில் அடிச்சுது.

அப்புறம் அவளே கேட்டா. "ஆமா, எஸ் போடக்கூடாதுன்னா, ஒரே ஒரு நாற்காலி மட்டும் வாங்கினா அதை எப்படிச் சொல்லுவாங்க? எ ஃபர்னிச்சர்னும் சொல்ல முடியாதாமே? டிவியில ஒரு நாள் சொன்னான்."

ஞாபகமே இல்லாதவ கேக்கிற கேள்வியா இது?

"எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்க்கா. ரெண்டுன்னா டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர். ஒரு உழக்கு அரிசி, ரெண்டு உழக்கு அரிசி மாதிரி."

"ஓ"ன்னா. கொஞ்ச நேரம் சத்தமில்ல. "அளவுதான் முன்னாடி வரணும், சாமான் அப்படியே இருக்கும். நல்லாத்தான் இருக்கு. நாமகூட தட்டுமுட்டுச் சாமான் இறக்கியாச்சான்னுதானே கேக்கோம், சாமான்கள்னு யாரு சொல்லுதா?" அப்புறம், குரல்ல கோபமே இல்லாம, "இதை அன்னிக்கே உள்ள வந்து சொல்லியிருக்கலாம்லடா தம்பி"ன்னா.

எனக்குத் தொண்டை அடைச்சுது. போனைப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு பால்கனிக்குப் போயிட்டேன். அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசினாங்க. உள்ள இருந்து பொண்ணு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. "அத்தை, பசி என்ன நவுன்?"னு இவ கேக்குறா. ஸ்பீக்கர்ல அக்கா குரல்: "அப்ஸ்ட்ராக்ட். உங்கப்பன் அதைப் பேய்னு சொன்னவன்."

டெஸ்ட்ல பொண்ணு இருபதுக்கு பத்தொம்போது. ஃபர்னிச்சர் சரி. போன ஒரு மார்க் அத்தையோட ஸ்பெல்லிங்குக்கு. (ஒரே அத்தைன்னு பெருசாப் பேசினவ.)

நேத்து காலையில வாட்ஸப்ல அக்காகிட்ட இருந்து ஒரு குரல் செய்தி. வந்து, தொண்டையைச் செருமிட்டு, ஒவ்வொரு சொல்லா நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தா: "குட் மார்னிங். எஸ்டர்டே ஐ பாட் டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்." பின்னாடியே ஒரு படம். வாசல்ல ரெண்டு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி.

டிஸ்கி: இங்கிலீஷ்ல மணியும் அன்கவுண்டபிள்தான், ரூபாயைத்தான் எண்ணலாம், பணத்தை எண்ண முடியாதுன்னு பொண்ணு அவ ஆச்சிகிட்ட சொல்லியிருக்கா. எங்கம்மா சொன்ன பதில்: "எண்ண முடியாத அளவுக்கு வெள்ளைக்காரன்கிட்ட இருந்திருக்கும்த்தா. நமக்கு ஒண்ணாந்தேதி எண்ணுனா அஞ்சாந்தேதிக்குள்ள முடிஞ்சிரும்."